வாய் திறக்காத வான்கோழி

மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். வெள்ளைக் கைக்குட்டை. அமெரிக்கா கிளம்பும்போது அம்மா பெட்டியில் ஒரு டஜன் வைத்து அனுப்பியிருந்தாள்.

பக்கத்தில் மரத்தோடு மரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கைக்குட்டையைப் பிடுங்கித் தனக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“சாகணும்னு ஆசையா, தம்பி?” என்றார் கிசுகிசுப்பாக. (இங்கிலீஷில்தான். அவர் ‘ஸன்’ என்றதை நான் ‘தம்பி’ என்று போட்டிருக்கிறேன். ‘மகனே’ என்றால் சினிமா வில்லன் மாதிரி இருக்கிறது.)

இது நடந்தது 2018 ஏப்ரலில், மிஸௌரி மாநிலத்தில், ஏவா என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்துக் காட்டில், காலை ஆறரை மணிக்கு. அந்த நேரத்தில் நான் எழுந்திருப்பதே அபூர்வம். அன்றைக்கு மூன்றரைக்கே எழுந்து, உடம்பெல்லாம் இலை படம் போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, முகத்துக்கு வலை போட்டு, ஒரு ஓக் மரத்தடியில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எல்லாம் வாய்க்கொழுப்பின் விளைவு.

கம்ப்யூட்டர் வேலையாக ஆறு மாதம் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊருக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ஆபீஸில் வான்கோழி வேட்டை பற்றிப் பேச்சு வந்தது. ஆளாளுக்கு, புலியைச் சுட்ட ராஜா மாதிரி அளந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “வான்கோழியைச் சுடறது ஒரு பெரிய விஷயமா? எங்க ஊர்ல குறுக்கே வந்து நின்னு ஸ்கூட்டரை மறிக்கும். ஹாரன் அடிச்சாலும் நகராது” என்றேன்.

மேஜையே சிரித்தது. என் டீம் லீடர் மட்டும் சிரிக்கவில்லை. “சனிக்கிழமை என் மாமனாரோட போறியா?” என்றார்.

மாமனாருக்கு எழுபத்தாறு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். முந்தைய வருஷம் காட்டில் தடுக்கி விழுந்து, சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். ‘துணைக்கு ஆள் இல்லாமல் இனிமேல் காட்டுப் பக்கம் போகக்கூடாது’ என்று மகள் கண்டித்துச் சொல்லிவிட்டாள். மருமகனுக்கோ உண்ணி என்றால் அலர்ஜி. ஆக, நான் போகவில்லை என்றால் அவருக்கு அந்த வருஷம் சீஸனே கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை தன் பழைய பிக்கப் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். ஏவா சுமார் 100 கிலோமீட்டர். வழியெல்லாம் ஓஸார்க் மலைகள். மலை என்றதும் கொடைக்கானலைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சுருட்டிப் போட்ட ஜமுக்காளம் மாதிரி மேடும் பள்ளமுமாக ஓக் காடு. ஏப்ரல் என்பதால் இலை இன்னும் முழுசாக வரவில்லை. நடுநடுவே டாக்வுட் மரம் மட்டும் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. மார்க் ட்வெய்ன் தேசியக் காடு என்று பெயர். பல துண்டுகளாகச் சுமார் 15 லட்சம் ஏக்கர். மேடுகளின் உச்சியில் மரம் இல்லாமல் பாறையும் புல்லுமாக மொட்டையாக இருக்கிறது.

“அவன் அங்கேதான் வருவான்” என்றார் பெரியவர்.

“யாரு?”

“அவன்தான்.”

நிலத் தகராறில் இருக்கும் பங்காளியைச் சொல்வது போலத்தான் கடைசி வரைக்கும் சொன்னார். மூன்று வருஷமாக அவருக்கு டிமிக்கி கொடுத்துவரும் ஒரே ஒரு ஆண் வான்கோழி. ஊமை! மற்றதெல்லாம் விடியற்காலையில் ‘கொப்ளா கொப்ளா’ என்று மலையே அதிரக் கத்தும். இது வாயே திறக்காது. காலடித் தடமும் இறகும் மட்டும் இருக்கும், ஆளைக் காணோம்.

ஊர் வான்கோழியையும் காட்டு வான்கோழியையும் குழப்பிக்கொண்டது என் தப்பு. காட்டுப் பறவை ஒல்லி, உயரம். ராத்திரி தூங்குவது உயர்ந்த மரக்கிளையில். ஒரே இடத்தில் நின்றபடி முக்கால் வட்டம் பார்க்கும். தலையை லேசாகத் திருப்பினால் மீதியும் தெரியும். நிறம் பிரித்தறியும். மூக்கு மட்டும்தான் மந்தம். “அவனுக்கு மோப்பமும் இருந்திருந்தா ஒருத்தனும் ஒண்ணும் சுட்டிருக்க முடியாது” என்றார் பெரியவர்.

பெயரிலும் ஒரு கூத்து. பறவையின் பூர்வீகம் அமெரிக்கா. ஆனால் துருக்கிச் சரக்கு என்று நினைத்து இங்கிலீஷ்காரர்கள் ‘டர்க்கி’ என்றார்கள். துருக்கிக்காரர்களைக் கேட்டால் இந்தியச் சரக்கு என்று ‘ஹிந்தி’ என்கிறார்கள்! நம் பக்கமோ, 1612-ல் கோவாவிலிருந்து வந்த ஒரு வான்கோழியை ஜஹாங்கீர் பாதுஷா அதிசயமாகப் பார்த்து, மன்சூர் என்ற ஓவியரை விட்டுப் படம் வரையச் சொன்னார். மூதுரையில் மயிலைப் பார்த்துத் தானும் ஆடப்போன வான்கோழி வருகிறதே, அது எந்தக் கோழி என்று ஔவையார்தான் சொல்லவேண்டும்.

காட்டில் இறங்கியதும் பெரியவர் துப்பறியும் சாம்பு ஆகிவிட்டார். சருகு கலைந்த இடம், மண்ணில் இறக்கை நுனி இழுபட்ட கோடு... பெட்டையை மயக்க ஆண் தோகை விரித்து நடக்கும்போது இறக்கை தரையில் உரசும். எச்சத்தைக் கூடக் குச்சியால் புரட்டிக் காட்டினார். “இங்கிலீஷ் ‘ஜே’ மாதிரி வளைஞ்சிருந்தா ஆண். சுருண்டு உருண்டையா இருந்தா பெட்டை.” எம்.எஸ்ஸி. படித்தவன் நான்; எனக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

தந்திரம் என்னவென்றால், வேட்டைக்காரர் பெட்டை மாதிரி குரல் கொடுக்க வேண்டும். அதற்குச் சின்ன மரப்பெட்டி, குச்சியால் தேய்க்கும் சிலேட்டு வட்டு, வாய்க்குள் அடக்கிக்கொள்ளும் ரப்பர் சவ்வு என்று பல வாத்தியங்கள் உண்டு. குரல் கேட்டு ஆண் வரும், சுடலாம். கேட்க சுலபம். சிக்கல் அதன் சம்பிரதாயத்தில் இருக்கிறது. நம் ஊரில் பெண் பார்க்க மாப்பிள்ளைதான் பஜ்ஜி சொஜ்ஜிக்குக் கிளம்பிப் போவார். இந்த ஜாதியில் தலைகீழ்! மாப்பிள்ளை நின்ற இடத்தில் நின்று குரல் கொடுப்பார். பெண் தேடிக்கொண்டு போகவேண்டும். ‘இல்லை, நீதான் வரணும்’ என்று நாம் கூப்பிட்டால் அவருக்குச் சந்தேகம் வருமா, வராதா?

அதிலும் ஊமை மாப்பிள்ளை இன்னும் உஷார். வாயைத் திறந்தால் கொயோட்டி என்கிற நரிப் பங்காளிக்கும் கேட்கும், வேட்டைக்காரருக்கும் கேட்கும். கத்திய சகோதரர்கள் எல்லாம் குழம்பாகிப் போனதைப் பார்த்து வளர்ந்தவன். நாலு பெட்டை ஏற்கெனவே கூட இருந்தாலும் கத்தமாட்டான். வீட்டில் ஆள் இருக்கும்போது யார் வாசலில் நின்று விசிலடிப்பார்கள்?

சனிக்கிழமை விடிகாலை. பெரியவர் இருட்டில் ஆந்தை மாதிரி அலறினார். அதைக் கேட்டு எரிச்சலாகி ஆண் வான்கோழி பதில் கத்துவது வழக்கம். தூரத்தில் இரண்டு கத்தின. ‘அவன்’ கத்தவில்லை. மொட்டைப் பாறைக்குக் கொஞ்சம் கீழே, தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். பெரியவர் சிலேட்டைத் தேய்த்தார். அசல் பெட்டை!

அப்போதுதான் என் ஜலதோஷமும் கைக்குட்டையும்.

இருபது நிமிஷம் கழிந்திருக்கும். பெரியவர் திடீரென்று கட்டைத் தொண்டையில் கத்தினார்: “ஏய்! இங்க ஆள் இருக்கு! நில்லு!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பது கஜம் தள்ளி ஒரு புதர் எழுந்து நின்றது. புதர் இல்லை, ஆள். இருபது வயதுப் பையன், கையில் துப்பாக்கி. எங்கள் பெட்டைக் குரலைக் கேட்டுப் பதுங்கிப் பதுங்கி வந்திருக்கிறான். முகம் வெளுத்துவிட்டது. “ஸாரி ஸார்... குரல் கேட்டுது. கொஞ்ச முன்னாடி வெள்ளையா ஏதோ அசைஞ்சுது. அதான்...”

ஆண் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அமெரிக்கக் கொடியின் அதே மூன்று நிறம். அதனால் இந்தக் காட்டில் அந்த மூன்று நிறத்திலும் ஒரு நூல்கூட உடம்பில் இருக்கக்கூடாது என்பது முதல் பாடம். மான் வேட்டைக்குப் போனால் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை கட்டாயம்; மானுக்கு அந்த நிறம் தெரியாது. வான்கோழிக்குத் தெரியும் என்பதால் இங்கே எல்லோரும் இலையாக மாறி, எல்லோரும் பெட்டையாகக் கத்திக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்! இன்னொரு ஆள் வருவதைப் பார்த்தால் கையை ஆட்டக்கூடாது, குரல்தான் கொடுக்கவேண்டும். குரல் வரும் இடத்தைத் தேடி ஊர்ந்து போகவே கூடாது. ‘பறவைதான் நம்மைத் தேடி வரவேண்டும், நாம் அதைத் தேடிப் போகக்கூடாது.’ பையனுக்குப் பெரியவர் இதைச் சொன்னபோது திட்டவில்லை. பேரனுக்குச் சொல்வது போலச் சொன்னார். பையன் போனபிறகு, ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றும்போதுதான் அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

எனக்கு ஜலதோஷம் போயே போச்சு.

ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி சொதப்பல். ஒன்பது மணி வரை அசையாமல் இருந்தோம். கால் மரத்து, இடுப்பு கழன்று... “இன்னிக்கு அவ்வளவுதான் போல” என்று நான் எழுந்தேன். எனக்குப் பின்னால் பதினைந்து கஜத்தில் படபடவென்று கறுப்பாக ஏதோ கிளம்பி, ஜெட் மாதிரி பள்ளத்தில் இறங்கிப் போனது. சத்தமே போடாமல் வந்து, எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்!

திரும்பும் வழியில் நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவரே பேசினார். “எழுந்திருக்கணும்னு தோணும்போது இன்னும் அரை மணி உட்காரணும். மத்தவங்க எட்டு மணிக்கு டிபன் சாப்பிடப் போயிடறாங்க. ஆனா பெட்டைங்க ஒன்பது, பத்து மணிக்கு ஒண்ணொண்ணா முட்டையிடப் போயிடும். அப்புறம் அவன் தனி ஆள். அப்பதான் காலைல கேட்ட குரல் ஞாபகம் வரும்.”

அந்த வாரம் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்து பயிற்சி எடுத்தேன். நான் மும்முரமாக வேலை பார்ப்பதாக டீம் லீடர் பாராட்டினார்.

அடுத்த சனிக்கிழமை. போகும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு கௌதாரியைப் பிடித்தாலே கம்பி எண்ண வேண்டும். இங்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சுடுகிறார்களே, பறவை எப்படி மிஞ்சுகிறது?

மிஞ்சாமல்தான் போயிருந்ததாம். 1950-களின் ஆரம்பத்தில் மிஸௌரி முழுக்கத் தேடினாலும் 2,500-க்கும் குறைவு. பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். நரிக்கு விருந்து வைத்ததுதான் மிச்சம். பிறகு பீரங்கி போலப் பாய்ந்து விழும் வலையால் அசல் காட்டுப் பறவைகளைப் பிடித்து, இல்லாத மலைகளில் கொண்டுபோய் விட்டார்கள். 1960-ல் மூன்றே நாள் சீஸன் திறந்தபோது சுட்டது 94. பெரியவருக்கு அப்போது பதினெட்டு வயது. “என் அப்பா அதுவரைக்கும் உயிரோட ஒண்ணைக்கூடப் பார்த்ததில்ல” என்றார். பிற்பாடு பெருகிப்போய், 1980-களில் கென்டக்கிக்கு வான்கோழி கொடுத்து நீர்நாய் வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டது! செலவுக்கு, துப்பாக்கி, தோட்டா விற்பனை மேல் விழும் மத்திய வரி; 1937 சட்டம் அதை இதற்கென்று ஒதுக்கிவிட்டது. போதாததற்கு 1976-ல் மிஸௌரி ஜனங்கள் ஓட்டுப் போட்டு, விற்பனை வரியில் நூறு டாலருக்குப் பன்னிரண்டரை சென்ட் காட்டுக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அங்கே வாங்கிய சோப்புக்கும் சீப்புக்கும் கொடுத்த வரியில் ‘அவன்’ பங்கும் இருந்திருக்கிறது.

ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். இந்த முறை மேடு ஏறும் பழைய வண்டித் தடத்தின் ஓரம். ஏனென்றால் முந்தைய மாலையும் இறக்கைக் கோடுகள் அங்கேதான் இருந்தன. சத்தம் போடாதவனைக் கூப்பிடுவதைவிட, அவன் போகும் வழியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்வதுதான் வேலைக்கு ஆகும் என்றார். குரலும் மிகக் குறைவு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் மெல்ல ஒரு ‘க்ளக்’. நடுவே, பெட்டை இரை கிளறுவது போலச் சருகைக் கையால் ‘சரக்... சரக் சரக்’. அவ்வளவுதான். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, முழங்காலால் சமிக்ஞை வைத்துக்கொண்டோம். இடது பக்கம் ஏதாவது தெரிந்தால் ஒரு அழுத்து, வலது என்றால் இரண்டு. பேச்சே கூடாது.

எட்டு. ஒன்பது. ஒரு உண்ணி என் கழுத்தில் கிரிவலம் வந்துகொண்டிருந்தது. பத்து. பத்தரை...

அப்போது ஏதோ கேட்டது. கேட்டது என்று சொல்வதுகூடத் தப்பு, நெஞ்சில் தட்டியது. அடுத்த அறையில் மேஜை மேல் வைத்த செல்போன் சத்தமில்லாமல் அதிருமே, அது மாதிரி. ‘ப்ஸ்ட்... ம்ம்ம்ம்ம்.’ மறுபடியும். இடது பக்கம்.

முழங்காலால் அழுத்தினேன். பெரியவர் அசையவில்லை. கண்ணைச் சுழற்றி என்னைப் பார்த்தார். ‘என்ன?’ என்பது போல. அவருக்குக் கேட்கவில்லை! இத்தனைக்கும் அது வரவர நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை, அழுத்தமாக. அவர் நம்பிவிட்டார். முழங்கால் மேல் தாங்கியிருந்த துப்பாக்கியை ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம்... கடிகாரத்தின் நிமிஷ முள் மாதிரி இடதுபக்கம் திருப்பினார்.

சருகில் காலடி. மனிதன் நடப்பது போலவே இருந்தது. மேட்டு விளிம்பில் முதலில் ஒரு தலை எழுந்தது. வெள்ளை உச்சி, நீலக் கன்னம், ரத்தச் சிவப்புக் கழுத்து. அப்புறம் உடம்பு. வெயில் பட்டதும் கறுப்பெல்லாம் செம்பாகி, பச்சையாகி, மறுபடி செம்பானது. தோகை விரிந்தது. ‘ப்ஸ்ட்... ம்ம்ம்ம்ம்.’ மார்பிலிருந்து தாடி மாதிரி ஒரு கற்றை. அவன் கண் நேரே என்னைப் பார்த்தது. நான் மூச்சை நிறுத்தினேன். உண்ணியும் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு பெரிய ஓக் மரத்துக்குப் பின்னால் தலை மறைந்த அந்த இரண்டு விநாடியில் பெரியவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்திவிட்டார். அவன் மரத்தின் இந்தப் பக்கம் வந்ததும் நாக்கால் ஒரு ‘க்ளக்’. கழுத்து நீண்டு நின்றது. முப்பது கஜம்.

வெடிச் சத்தத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

ஓடிப் போவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் எழுந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் போய் மண்டியிட்டு, கலைந்த இறகுகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். பெருமையும் துக்கமும் கலந்து அப்படி ஒரு முகத்தை நான் கல்யாண மண்டபத்தில்தான் பார்த்திருக்கிறேன், பெண்ணை அனுப்பிவைக்கிற அப்பாக்களிடம். காலில் முள் ஒன்றேகால் அங்குலம். குறைந்தது நாலு வயதாம். எடை 21 பவுண்டு. சட்டப்படி காலில் சீட்டுக் கட்டினார். ராத்திரி பத்து மணிக்குள் போன் செய்து இலாகாவில் பதிய வேண்டும்.

“எப்படி தம்பி தெரிஞ்சுது உனக்கு?” என்றார்.

“சத்தம் கேட்டுதே... அந்த அதிர்வு.”

“எத்தனை தடவை?”

“பத்துப் பதினஞ்சு தடவை இருக்கும் ஸார். கிட்ட வரவர நல்லாவே கேட்டுது.”

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “மூணு வருஷமா ஊமைப்பயன்னு இவனைத் திட்டிட்டிருக்கேன். போன வாரம் பின்னாடி வந்து நின்னப்பவும் இப்படித்தான் சத்தம் கொடுத்திருப்பான். எத்தனை நாள் வந்து வந்து நின்னுட்டுப் போனானோ.”

நெஞ்சுக்கறியை அவர் மகள் வறுத்தாள், மெத்தென்று இருந்தது. கால் இரண்டையும் ‘ரப்பர், யாரும் தின்ன முடியாது’ என்று தள்ளி வைத்தார்கள். அதை நான் வாங்கிக்கொண்டு போய், ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டு, மிளகும் இஞ்சியும் தட்டிப்போட்டு வறுத்து எடுத்துப் போனேன். பெரியவர் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். துடைத்துக்கொள்ள என் வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவர் துவைத்து மடித்து வைத்திருந்ததுதான்.

நான் ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்து டீம் லீடரிடமிருந்து ஒரு ஈமெயில். பத்து வருஷமாக மாட்டேன் என்று அடம் பிடித்த மாமனார், தானாகவே டாக்டரிடம் போய்க் காதுக்கு மிஷின் வாங்கிக்கொண்டுவிட்டாராம். இப்போது புதுப் புகாராம்: ‘வீட்ல ஏன் எல்லாரும் இப்படிக் கத்திப் பேசறீங்க?’